சும்மா இருக்கும்போதும் எண் காட்டும் சென்சார்



இரண்டு வாரமாக நான் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடுவதைப் பார்த்து, "அங்க என்னதான்டி பண்றே?" என்று எல்லாரும் கேட்கிறீர்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இந்தத் தாளில் எழுதிவிடுகிறேன்.

நம் அறிவியல் டீச்சர் தன் கைக்காசில் இரண்டு பொருள் வாங்கி வந்தார்கள். ஒன்று ஆர்டுயினோ ஊனோ என்ற நீல நிறப் பலகை. உள்ளங்கை அளவுதான் இருக்கும். இத்தாலி நாட்டில் இவ்ரேயா என்ற ஊரில் 2005-ம் ஆண்டு மாணவர்களுக்காகவே இந்த ஆர்டுயினோவை உருவாக்கினார்களாம். அதன் நடுவில் இருக்கும் கறுப்புச் சில்லுதான் மைக்ரோகன்ட்ரோலர். நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளையை அது திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். சலிக்கவே சலிக்காது.

இன்னொன்று முடுக்கமானி. அதன் பெயர் ஏடிஎக்ஸ்எல் 335. சென்சார் சில்லு மட்டும் 4 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலம். துவரம்பருப்பு அளவுதான். அதை விரல் நுனி அளவு பலகையில் ஒட்டி, கம்பி சொருக வசதியாகக் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று திசைகளிலும் முடுக்கத்தை அது அளக்கும். செல்போனைச் சாய்த்தால் படமும் சாய்கிறதே, அதற்கும் இந்த வகைச் சென்சார்தான் காரணம்.

சென்சார் எண்ணாகப் பேசாது, வோல்ட்டாகத்தான் பேசும். மூன்று திசைக்கும் மூன்று கம்பி. ஆர்டுயினோவில் ஏ0, ஏ1, ஏ2 என்ற ஓட்டைகளில் அவற்றைச் சொருகினேன். 'அனலாக் ரீட்' என்று கட்டளை கொடுத்தால், பலகை அந்த வோல்ட்டை 0 முதல் 1023 வரை ஏதாவது ஒரு எண்ணாக மாற்றித் தரும். 5 வோல்ட்டை 1024 துண்டாக நறுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். சென்சார் 3.3 வோல்ட்டில் வேலை செய்கிறது. முடுக்கம் எதுவும் இல்லை என்றால் அதில் சரிபாதி, 1.65 வோல்ட் கொடுக்கும். கணக்குப் போட்டால் 338 வர வேண்டும். இதுவரைக்கும் எனக்குப் புரிந்துவிட்டது.

மேசை மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். திரையில் வந்த எண்கள்: எக்ஸ் 337, ஒய் 341, இசட் 411.

எக்ஸ் சரி. ஒய் பரவாயில்லை. இசட் மட்டும் ஏன் இவ்வளவு கூட? மேசை அசையவில்லை, சென்சாரும் அசையவில்லை. அசையாத பொருளுக்கு முடுக்கம் சுழி என்றுதானே படித்திருக்கிறோம்? அப்போதுதான் சிவப்புக் கம்பியைப் பார்த்தேன். அதை 5 வோல்ட் ஓட்டையில் சொருகியிருக்கிறேன்! டீச்சர் கொடுத்த தாளிலோ, சென்சாருக்கு 3.6 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் கெட்டுவிடும் என்று எழுதியிருக்கிறது. எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. இருப்பதே ஒரு சென்சார். இசட்டைச் சுட்டுப் பொசுக்கிவிட்டேன் என்றே நினைத்துவிட்டேன். டீச்சரிடம் சொல்லலாம் என்றால் அவர்கள் இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் டப்பாவில் போட்டு மூடினேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

என் அப்பா கொத்தனார். "என்ன பாப்பா, மூஞ்சி தொங்கிக் கிடக்கு?" என்று கேட்டார்கள். சொன்னேன். அப்பாவுக்குச் சென்சார் தெரியாது. ஆனால் அவர்கள் பையில் இருக்கும் ரசமட்டம் தெரியும். அதை எடுத்துத் திண்ணையில் வைத்தார்கள். குமிழி கொஞ்சம் சுவர்ப்பக்கம் நின்றது.

"இப்ப கோணல் திண்ணையா, கட்டையா?" என்றார்கள்.

எனக்குத் தெரியவில்லை.

"அதே இடத்துல முனை மாத்தி வையி. குமிழி மறுபடியும் அதே சுவர்ப்பக்கம் நின்னா திண்ணை கோணல். கட்டையோட சேந்து அதுவும் பக்கம் மாறிட்டா கட்டை கோணல். கருவி மேல சந்தேகம் வந்தா திருப்பிப் போட்டுப் பாக்கணும் பாப்பா. அதுக்கு முன்னாடி கெட்டுப்போச்சுன்னு சொல்லக்கூடாது."

மறுநாள் டப்பாவைத் திறந்து சென்சாரைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். இசட் 275! எக்ஸ் முனை மேலே பார்க்கும்படி நிமிர்த்தி நிறுத்தினேன். இசட் 343-க்கு இறங்கிவிட்டது, எக்ஸ் 405-க்கு ஏறிவிட்டது. கெட்டுப்போனது இசட் என்றால் எப்படித் திருப்பினாலும் கோளாறு இசட்டோடு தானே இருக்க வேண்டும்? இங்கே எந்தத் திசை மேலே பார்க்கிறதோ அந்த எண்தான் கூடுகிறது. சென்சார் சாகவில்லை. எனக்குத்தான் புரியவில்லை.

புரிந்ததைச் சொல்கிறேன். அந்தச் சில்லுக்குள் சிலிக்கானில் செய்த ஒரு குட்டி எடை, சுருள்வில் மாதிரி வளையும் கால்களில் தொங்குகிறது. எடை நகர்ந்தால் பக்கத்தில் இருக்கும் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். அதனால் மின்தேக்குத்திறன் மாறும், அதற்கேற்ப வோல்ட் மாறும். பஸ் திடீரென்று கிளம்பினால் நின்றுகொண்டிருக்கும் நாம் பின்பக்கம் சாய்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான் அந்த எடையும்.

சரி, பஸ் நின்றுகொண்டே இருந்தால்? ஆய்வகத்தில் இருக்கும் சுருள்வில் தராசை நினைத்துப் பாருங்கள். எடையைத் தொங்கவிட்டால் அது ஆடாமல் அசையாமல் நிற்கும்போதும் சுருள் நீண்டுதானே இருக்கிறது? அந்தக் குட்டி எடையும் அப்படித்தான். பூமி அதைக் கீழே இழுக்கிறது. மேசையோ சில்லைக் கீழே விடாமல் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் உள்ளே எடை சற்றுத் தொய்ந்து நிற்கிறது. அந்தத் தொய்வுதான் இசட்டில் கூடுதலாக வந்த எண். அதை 1 ஜி என்கிறார்கள், அதாவது வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர்.

அப்படியானால் விழும்போது? தராசைக் கையிலிருந்து விட்டுவிட்டால் தராசும் எடையும் சேர்ந்தே விழும், சுருள் நீளாது. டீச்சர் வந்த பிறகு நீளமான கம்பி போட்டு, அரை மீட்டர் உயரத்திலிருந்து சென்சாரைத் தலையணை மேல் விட்டோம். இசட்டை மட்டும் நூறில் ஒரு வினாடிக்கு ஒரு தடவை எழுதச் சொன்னேன். விழுவதற்கு 0.32 வினாடிதான் ஆகும், கிட்டத்தட்ட முப்பது எண்கள். அத்தனையும் 343-ஐ ஒட்டியே! மேசையில் சும்மா கிடக்கும்போது 1 ஜி, விழும்போது சுழி. நான் நினைத்திருந்ததற்கு நேர் எதிர். டீச்சரே இரண்டு தடவை விட்டுப் பார்த்தார்கள்.

(5 வோல்ட் விஷயத்தையும் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. சென்சார் ஒட்டியிருக்கும் பலகையில் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது என்று காட்டினார்கள். அது இல்லாத சென்சாராக இருந்தால் போயிருக்கும். நீங்கள் கம்பி சொருகும்முன் இரண்டு தடவை பாருங்கள்.)

ஒவ்வொரு திசைக்கும் நடு எண் எது என்று கண்டுபிடிப்பதும் அப்பா சொன்ன வழிதான். எக்ஸ் மேலே பார்த்தால் 405, கீழே பார்த்தால் 270. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 337.5. அது நடு. கழித்துப் பாதியாக்கினால் 67.5. அது 1 ஜி. இசட்டுக்கு நடு 343, 1 ஜி 68. மூன்று திசைக்கும் நடு ஒன்றாக இருக்காது, புத்தகத்தில் போட்ட 338 ஆகவும் இருக்காது. வரும் எண்ணிலிருந்து நடுவைக் கழித்து 1 ஜி எண்ணால் வகுத்தால் விடை வந்துவிடும்.

இதை வைத்து என்ன செய்வது என்று யோசித்தபோது என் தோழி ஞாபகம் வந்தாள். சக்கர நாற்காலியில் வருவாளே, அவள்தான். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) நம் வகுப்பு வராந்தாவுக்கு ஏறும் சாய்தளத்தில் அவளால் தனியாக ஏற முடியாது. தினமும் இரண்டு பேர் தள்ள வேண்டும். யாரும் இல்லாவிட்டால் கீழேயே காத்திருப்பாள். "உனக்குக் கையில பலம் பத்தல" என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பலம் பத்தவில்லையா, சாய்தளம் செங்குத்தா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

முதலில் சென்சாரை அவள் நாற்காலியிலேயே கட்டித் தள்ளிப் பார்த்தோம். எண்கள் கண்டபடி குதித்தன. தள்ளும் வேகம், கல்லில் இடிப்பது எல்லாம் புவியீர்ப்போடு சேர்ந்து வருகிறது. எது சாய்வு, எது குலுங்கல் என்று பிரிக்க முடியவில்லை. சாய்வை அளக்க வேண்டுமானால் சென்சார் அசையாமல் இருக்க வேண்டும்.

அதனால் சாய்தளத்தை ஐந்து சம பங்காகச் சாக்பீஸ் கோடு போட்டோம். அப்பாவிடம் வாங்கி வந்த இரண்டடி மட்டப்பலகையின் மேல் சென்சாரை ஒட்டி, எக்ஸ் முனை மேட்டைப் பார்க்க வைத்தோம். ஒரே எண்ணை நம்பாமல் நூறு தடவை படித்துச் சராசரி எடுத்தோம். பிறகு பலகையை முனை மாற்றி வைத்து இன்னொரு நூறு. ரசமட்டத்தைத் திருப்புவது மாதிரியே!

கடைசிப் பங்கில், அதாவது தரையை ஒட்டிய இடத்தில், மேட்டைப் பார்க்க வைத்தால் 350.2, திருப்பி வைத்தால் 324.6. கழித்துப் பாதி 12.8. அதை 67.5 ஆல் வகுத்தால் 0.19. இதுதான் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வரும் சைன். எதற்குடா இது என்று நான் திட்டிக்கொண்டே படித்த சைன்! அதன் பொருள், கிட்டத்தட்ட ஐந்தேகால் அடி போனால் ஒரு அடி ஏறுகிறது. மற்ற நான்கு பங்கிலும் 0.13 வந்தது. ஐந்துக்கும் சராசரி 0.142.

"இதுக்கு எதுக்கு சென்சார், டேப் போதாதா?" என்று ஒரு அண்ணன் கேட்டான். நியாயமான கேள்விதான். அப்பா டேப்பும் தண்ணீர்க் குழாயும் வைத்து அளந்தார்கள். உயரம் 45 செ.மீ., நீளம் 315 செ.மீ. ஏழுக்கு ஒன்று, அதாவது 0.143. சென்சார் சொன்னதும் டேப் சொன்னதும் ஒத்துப் போய்விட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் டேப்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பிடித்ததில் மொத்தம் எவ்வளவு என்றுதான் தெரிந்தது. கீழே உள்ள பங்கு மட்டும் இவ்வளவு செங்குத்து என்று பங்கு பங்காக வைத்த சென்சார்தான் காட்டிக்கொடுத்தது. சரியாக அந்த இடத்தில்தான் அவளுடைய முன் சக்கரம் தினமும் மாட்டுகிறது.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்றுக்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது என்று நம் நாட்டு விதிமுறையில் இருக்கிறது. 45 செ.மீ. உயரம் ஏற 540 செ.மீ. நீளம் வேண்டும். நம்முடையது 315 தான். இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நேராக நீட்ட முடியாது, வேப்பமரம் குறுக்கே நிற்கிறது. மரத்தை வெட்டாமல் வராந்தாவை ஒட்டித் திருப்பிக் கட்டலாம், திரும்பும் இடத்தில் நாற்காலி வளைய மட்டமான தளம் விட வேண்டும் என்று அப்பா சொல்கிறார்கள். கூலி வேண்டாம், ஜல்லியும் சிமென்டும் கிடைத்தால் போதுமாம்.

அதுவரைக்கும் காலையில் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு பேர் சாய்தளத்தடியில் நிற்க வேண்டும். பெயர்ப் பட்டியல் இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. புதன்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் இன்னும் ஆள் இல்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி