பாட்டு ஏன் இப்படி இரையுது? ரெண்டே பேர் பண்ணின பிளாக் மெட்டல் ஆல்பத்தின் கதை

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயப்பாளையம் தாண்டி, வெள்ளிமலைக்கு வளைவு ஏறத் தொடங்கியதும் போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறையும். டவுன்லோடு பண்ணி வைத்த பாட்டுதான் துணை. மார்கழிப் பனியில் கல்வராயன் மலை பாதி மறைந்திருக்கும் நேரத்தில் கேட்க என்னிடம் எப்போதும் ஒரு ஆல்பம் இருக்கும்: 'டிரான்சில்வேனியன் ஹங்கர்'. பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு காதைக் கொடுத்தால், "போன் ரிப்பேரா தம்பி?" என்றுதான் கேட்பார்.

ரிப்பேர் இல்லை. வேண்டுமென்றே அப்படிப் பதிவு செய்தது.

1994 பிப்ரவரியில் வந்த இந்த ஆல்பம் நார்வேயின் டார்க்த்ரோன் இசைக்குழுவுடையது. 1993-ல் கிட்டாரிஸ்ட் ஒருவர் விலக, மிஞ்சியது ஃபென்ரிஸ், நாக்டர்னோ கல்ட்டோ என்ற ரெண்டு பேர். இருவராக அவர்கள் கொண்டுவந்த முதல் ஆல்பம் இதுதான். அதிலும் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஃபென்ரிஸ் ஒருவரே. கல்ட்டோ குரல் மட்டும் கொடுத்தார். பதிவு செய்தது நாலே டிராக் உள்ள ரெக்கார்டரில். இன்று இலவசமாகக் கிடைக்கும் மொபைல் ஆப்களிலேயே அதைவிட அதிக டிராக் உண்டு!

சுத்தமாகப் பதிவு செய்யத் தெரியாதவர்களா? அப்படியும் இல்லை. 1991-ல் வந்த இவர்களின் முதல் ஆல்பம் டெத் மெட்டல் வகை. அந்த வகைக்குப் பேர்போன ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டூடியோவில் பதிவானது. அந்தப் பளபளப்பு அலுத்துப்போய், அடுத்த ஆல்பத்தில் கரடுமுரடான பிளாக் மெட்டலுக்குத் தாவினார்கள். பீஸ்வில் நிறுவனம் தயங்கியது. 'அப்ப வேற கம்பெனியில போட்டுக்கிறோம்' என்று குழு முறுக்கிக்கொண்டதும் இறங்கி வந்தது. 1992-ல் வெளியான அந்த ஆல்பத்தை 2020-ல் நார்வே தேசிய நூலகம் தன் நிரந்தரக் கண்காட்சியில் வைத்தது.

இரைச்சலுக்குள் என்ன இருக்கு?

ஒரே தந்தியை மேலும் கீழும் விடாமல் படுவேகமாக மீட்டுவது 'ட்ரெமலோ பிக்கிங்'. டிரம்ஸில் இடைவெளியே இல்லாமல் அடிப்பது 'பிளாஸ்ட் பீட்'. ரெண்டும் சேர்ந்தால், அவ்வளவு வேகத்திலும் பாட்டு நகராமல் நிற்பது போல ஒரு மயக்கம் வரும். பேஸ் அமுங்கிக் கிடக்கும். குரல் எங்கோ தூரத்துக் கத்தலாகக் கேட்கும். தகரக் கூரையில் அடிக்கும் மழைச் சத்தத்தில் மனசு தானாக ஒரு ராகத்தைப் பிடிக்குமே, அதுபோல இரைச்சலுக்குள்ளிருந்து மெட்டு மெதுவாக மேலே வரும்.

இது நார்வே கண்டுபிடிப்பும் அல்ல. பெயர் வந்தது இங்கிலாந்தின் வெனம் குழு 1982-ல் வெளியிட்ட 'பிளாக் மெட்டல்' ஆல்பத்திலிருந்து. ஸ்வீடனின் பாத்தரி 1984-ல் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த ஸ்டூடியோ, கார் கராஜாக இருந்த இடம். அங்கே காசில்லாததால் வந்த சத்தம், பத்து வருஷத்தில் கொள்கையாகிவிட்டது.

சங்கடமான பக்கம்

இதைச் சொல்லாமல் அந்த ஆல்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாது. 1992 முதல் நார்வேயில் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. 1993 ஆகஸ்ட்டில் மேஹெம் குழுவின் கிட்டாரிஸ்ட் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். கொன்றது பர்சம் என்ற ஒற்றை ஆள் இசைக்குழுவை நடத்திய வார்க் விக்கெர்னெஸ். 1994-ல் அவருக்கு 21 ஆண்டு சிறை. 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தின் எட்டுப் பாட்டில் நாலுக்கு வரிகள் எழுதியதும் அவரேதான். போதாக்குறைக்கு பின் அட்டையில் 'ஆரிய' பெருமை பேசும் வாசகம் வேறு. எதிர்ப்பு கிளம்பியதும் குழு மன்னிப்புக் கேட்டது. பிந்தைய பதிப்புகளில் வாசகம் நீக்கப்பட்டது. இசை நல்லா இருக்கு என்பதற்காக இதைத் துடைத்துவிட எனக்கு மனசு வரவில்லை. (ஃபென்ரிஸ் பிற்பாடு உள்ளூர் மன்றத்துக்கு மாற்று உறுப்பினராகத் தேர்வானார். பூனையோடு ஒரு போட்டோ, 'எனக்கு ஓட்டுப் போடாதீங்க' என்று ஒரு வேண்டுகோள். அவ்வளவுதான் பிரசாரம்.)

சத்தத்தை எடுத்துக்கொண்டு சாத்தானையும் ஆரியப் பெருமையையும் அங்கேயே விட்டுவிட முடியாதா? சாத்தான் விஷயத்திலாவது முடியும் என்று சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ருத்ரா காட்டியது. பாடகர் கதிர், டிரம்ஸ் சிவா உள்ளிட்டோரின் இந்தக் குழு, சாத்தானுக்குப் பதில் வேதாந்தத்தைப் பாடுபொருளாக்கியது. முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. இருவர் குழு அல்ல. சத்தமும் இவ்வளவு கரடுமுரடு இல்லை. ஆனால் அடுத்தவர் ஊர் இருட்டை அவர்கள் கடன் வாங்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு அறைக்குள் ரெண்டு பேர் உட்கார்ந்தால், நார்வே பனியைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த ஊர் இது. கல்வராயன் மலையில் சாராய ரெய்டு என்பது பழைய செய்தி. இந்த இருட்டைப் பாட வேஷமும் வேண்டாம், முகத்தில் வெள்ளைப் பூச்சும் வேண்டாம்.

கேட்டுப் பார்க்க நினைத்தால், ஆல்பத்தின் பெயரிலேயே உள்ள முதல் பாட்டில் தொடங்குங்கள். வால்யூமைப் பாதியில் வையுங்கள், ஈக்வலைசரைத் தொடாதீர்கள். முதல் ரெண்டு நிமிஷம் எரிச்சலாகத்தான் இருக்கும்.