சராசரி 17, தேவை 15: இந்த உப்பு தேறுமா?

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களில் வெயில் ஏறும் மாதங்களில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும்வரை உப்பு வாருகிறார்கள். பாத்தியில் தேங்கிய உவர்நீர் 25 டிகிரி அடர்த்தியை எட்டினால் உப்பு பூக்கத் தொடங்கும். அதைக் காட்ட ஒரு மிதவை மானி போதும். பழகிய தொழிலாளிக்கு அதுவும் வேண்டாம். அயோடின் விஷயம் அப்படியல்ல. பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்து உப்பில் சேர்க்கப்படும் அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அளவை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

கடைக்கு வரும் உப்பில் குறைந்தது 15 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. 2018-19இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில், அந்த அளவு கொண்ட உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவில் சுமார் 76 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 62 சதவீதம். உப்பு விளையும் மாநிலத்தில் இந்த நிலை.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. மரக்காணம் வட்டாரத்துக் கடைகள் ஒன்பதில் கடைக்கொரு பாக்கெட் வாங்கிச் சோதிக்கிறோம். கிடைத்த அளவுகள்: 19, 13, 16, 22, 14, 18, 21, 15, 15. கூட்டினால் 153, ஒன்பதால் வகுத்தால் சராசரி 17. தேவை 15தானே, தேறிவிட்டது என்று அறிக்கை எழுதிவிடலாமா?

அவசரப்படக் கூடாது. வேறு ஒன்பது கடைகளுக்குப் போயிருந்தால் 16 வந்திருக்கலாம், 18.5 வந்திருக்கலாம். நமக்குத் தெரிய வேண்டியது இந்த ஒன்பது பாக்கெட்டின் சராசரி அல்ல. வட்டாரத்தில் விற்கும் எல்லாப் பாக்கெட்டுகளின் சராசரி. முன்னதை வைத்துப் பின்னதை ஒற்றை எண்ணாகச் சொல்வதைவிட, ‘இதிலிருந்து இதுவரை’ என்று சொல்வதே நேர்மை. அந்த வரம்புக்குப் பெயர் நம்பிக்கை இடைவெளி.

ஒவ்வோர் அளவும் 17இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 80. ஒன்பதில் ஒன்றைக் கழித்து எட்டால் வகுத்தால் 10. அதன் வர்க்கமூலம் 3.16, இதுதான் திட்ட விலக்கம். பாக்கெட்டுக்குப் பாக்கெட் அளவு எவ்வளவு சிதறுகிறது என்பதை இது காட்டும். சராசரி அவ்வளவு சிதறாது. ஆகவே 3.16ஐ ஒன்பதின் வர்க்கமூலமான 3ஆல் வகுக்கிறோம். கிடைக்கும் 1.05 திட்டப் பிழை. அதை 2.306ஆல் பெருக்கினால் 2.43. சராசரியிலிருந்து இதைக் கழித்தும் அதனோடு கூட்டியும் பார்த்தால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி: 14.57 முதல் 19.43 வரை.

கீழ்முனை 15க்குக் கீழே இறங்கிவிட்டது. ‘தேறியது’ என்று அடித்துச் சொல்ல இந்த ஒன்பது பாக்கெட்டுகள் போதவில்லை. ‘தேறவில்லை’ என்று சொல்லவும் போதவில்லை.

2.306 எங்கிருந்து வந்தது? புத்தகங்களில் பெரும்பாலும் 1.96தானே இருக்கும்? டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டுக்கும் இதே சிக்கல் வந்தது. பார்லியையும் பீரையும் சோதிக்க அவருக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய மாதிரிகள். மாதிரி சிறியதானால் திட்ட விலக்கமே ஆட்டம் காணும். அதற்கு ஈடாக வரம்பை அகலப்படுத்த வேண்டும். எவ்வளவு என்பதை 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை விடவில்லை. ஒன்பது மாதிரிக்கு 2.306, முப்பத்தாறுக்கு 2.03, எண்ணிக்கை ஏற ஏற 1.96ஐ நெருங்கும்.

முப்பத்தாறு பாக்கெட் வாங்கி, சராசரியும் சிதறலும் அப்படியே இருந்தால், இடைவெளி 15.93 முதல் 18.07 வரை சுருங்கும். அப்போது தேறியது என்று எழுதலாம். பாதியாகச் சுருக்க நான்கு மடங்கு பாக்கெட், நான்கு மடங்கு ஆய்வகச் செலவு. துல்லியம் மலிவாகக் கிடைப்பதில்லை.

அடுத்து, பட்டப்படிப்பு முடித்தவர்களும் தடுமாறும் இடம். ‘உண்மைச் சராசரி 14.57க்கும் 19.43க்கும் நடுவில் இருக்க 95 சதவீத வாய்ப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். உண்மைச் சராசரி நமக்குத் தெரியாதே தவிர, அது ஆடி அசைவதில்லை. ஆடுவது நம் இடைவெளி. நூறு மாணவர்கள் தனித்தனியே ஒன்பது பாக்கெட் வாங்கி இதே கணக்கைப் போட்டால் நூறு வெவ்வேறு இடைவெளிகள் வரும். அவற்றில் ஏறக்குறைய 95 உண்மையைப் பிடித்திருக்கும், ஐந்து தவறவிட்டிருக்கும். நம் கையில் இருப்பது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. 95 என்பது முறைக்குக் கிடைத்த மதிப்பெண். இதை 1937இல் தெளிவாக வகுத்தவர் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன்.

கணக்கு சரியாக இருந்தாலும் உப்பு ஏமாற்றலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே தீயில் வெந்ததால் செல்லுபடியாகிறது. உப்பு அப்படியல்ல. கல்லுப்பில் அயோடேட் மேற்பரப்பில்தான் ஒட்டுகிறது. ஈரம் பட்டால் குறைகிறது. ஒன்பது பாக்கெட்டும் ஒரே மொத்த வியாபாரியிடமிருந்து வந்திருந்தால் உண்மையில் ஒன்பது மாதிரி இல்லை, ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல். சூத்திரத்துக்கு அது தெரியாது. அயோடினே சேர்க்காத உப்பும் சேர்த்த உப்பும் கலந்து விற்கும் இடத்தில் சராசரிக்கே பொருள் குறைவு. நம் பட்டியலில்கூட 13, 14 என்று இரண்டு பாக்கெட்டுகள் தேறவில்லை. அவற்றை வாங்கிய வீட்டுக்குச் சராசரி 17ஆல் என்ன பயன்?

இந்தச் சிக்கல் உப்போடு நிற்பதில்லை, வயலுக்கும் வருகிறது. நெய்மன் லண்டனில் இருந்த காலத்தில் அங்கே படித்தவர் இந்தியப் புள்ளியியலாளர் பி.வி.சுகாத்மே. நாடு திரும்பி, குலுக்கல் முறையில் வயல்களைத் தேர்ந்து அறுத்து எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனையை வளர்த்தெடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். விழுப்புரம் மாவட்ட நெல் விவசாயியின் காப்பீட்டுத் தொகையும் இன்று பெரும்பாலும் அந்தப் பரிசோதனையில் தொங்குகிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முக்கியப் பயிருக்கு ஓர் ஊருக்குக் குறைந்தது நான்கு பரிசோதனைகள். நான்கு மாதிரிக்கு கோசெட்டின் எண் 3.182. வயலுக்கு வயல் விளைச்சல் ஹெக்டேருக்கு 600 கிலோ சிதறுவதாக வைத்துக்கொண்டால், ஊர்ச் சராசரியின் இருபுறமும் சுமார் 955 கிலோ வரம்பு வரும். இழப்பீட்டைக் கணக்கிடும்போது அந்த வரம்பை யாரும் பார்ப்பதில்லை. ஒற்றைச் சராசரியை எடுத்து, உத்தரவாத விளைச்சலில் இருந்து கழிக்கிறார்கள்.