வெறும் ‘ஓகே’ போதாது!

சென்ற மாதம் நண்பர் போனில், "இ டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்" என்றார். என் காதில் "டி" என்று விழுந்தது. "ஓகே" என்று சொல்லிவிட்டு என்டர் தட்டினேன். டி டிரைவில் இருந்த குடும்பப் போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன.

விமானிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரேடியோவில் டி என்றால் ‘டெல்டா’, இ என்றால் ‘எக்கோ’. கன்ட்ரோலர் தரும் அனுமதியை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். தவறிருந்தால் கன்ட்ரோலர் திருத்துவார்.

இந்த ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பேசினால் ‘கீச்’ சத்தம்தான் கேட்கும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், பனிமூட்டத்தில் இதுதான் நடந்தது. கேஎல்எம் விமானி கிளம்புவதாகச் சொன்னதும் கன்ட்ரோலர், "ஓகே" என்றார். அது தெளிவாகக் கேட்டது. அடுத்து அவர் "காத்திருங்கள்" என்றதும், "இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானி சொன்னதும் ஒரே நேரத்தில் வந்து கீச்சொலியில் கலந்தன. கேஎல்எம் நிற்கவில்லை. இரு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தனர்.

அதன்பின், ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைத் தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றானது.

நண்பர்களே, போனில் உதவி கேட்டால், "எக்கோ டிரைவ்தானே?" என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு என்டர் தட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.