உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் அளவு சொல்லுகிற நான் இன்றைக்கு உப்புக்கு அளவு சொல்ல வந்திருக்கிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இதைப் பேசினால், "பாடுபடுற உடம்பு சார், வேர்வையிலேயே எல்லாம் போயிரும்" என்பார்கள். அப்படிச் சொன்ன பெரியவர் ஒருவருக்கு மக்காச்சோளக் காட்டில் நிற்கும்போதே வலது கை விளங்காமல் போயிற்று. அதுவரை அவர் ஒருநாள்கூட இரத்த அழுத்தம் பார்த்ததில்லை.

இரத்தக் கொதிப்பு வலிக்காது, அதுதான் சங்கடம். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். அழுத்தம் கூடினால் பம்புசெட்டுக் குழாய் என்ன ஆகும்? இரத்தக் குழாயும் அப்படித்தான். மூளையில் அது அடைத்தாலும் வெடித்தாலும் பக்கவாதம். இதயத்துக்குப் போகிற குழாய் அடைத்தால் மாரடைப்பு.

ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிதான். வீட்டில் நாலு பேர் என்றால் 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். பிரிக்கிற அன்றைக்கே அதன்மேல் தேதி எழுதி வையுங்கள். 25 நாளில் தீர்ந்துவிட்டதா? இரண்டு பங்கு உப்பு தின்கிறீர்கள். ஊறுகாய் போட்டது வேறு கணக்கு என்று சொல்லாதீர்கள், அதுவும் வயிற்றுக்குள்தானே போகிறது! கடையில் வாங்கிய கருவாடு, அப்பளம், மிக்சர் உப்பு இந்தக் கணக்கிலேயே வராது. இந்துப்பு என்றாலும் அளவு ஒன்றுதான்.

கஞ்சிக்கு ஊறுகாயை விட்டுச் சின்ன வெங்காயம் கடியுங்கள். உப்பைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். விளைகிற கம்பையும் உளுந்தையும் மூட்டையோடு விற்றுவிட்டு மூன்று வேளையும் வெள்ளைச் சோறு சாப்பிடுவது என்ன நியாயம்? வீட்டுக்கும் கொஞ்சம் நிறுத்துங்கள். கீரை, காய் கூடட்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சுட்ட வடை வேண்டாம். பீடியும் வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். 140க்கு 90, அதற்கு மேல் என்றால் டாக்டர் சொன்னபடி கேளுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். அதைக் குறித்துக்கொண்டு போங்கள்.