மாணவர்கள் எழுதிய கேம், அதை ஆட மாணவர்கள் எழுதிய ப்ரோக்ராம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "பையன் எந்நேரமும் கேம்தான் ஆடுறான் தம்பி, இதனால படிப்புக்கு ஏதாவது உபயோகம் உண்டா?" என்பதுதான். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. அதனால் அவர்களுக்கு ரோக் என்ற கேமைப் பற்றிச் சொல்வேன். 1980ல் அமெரிக்க மாணவர்கள் சிலர் பொழுதுபோக்காக எழுதியது அது. அடுத்த ஆண்டே வேறோர் ஊர் மாணவர்களுக்கு அது ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டது.

ரோக்கை எழுதத் தொடங்கியவர்கள் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் இருவரும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா க்ரூஸ் வளாகத்தில் படித்தவர்கள். அந்த நாட்களில் கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் அட்வென்சர் என்ற கேம் பிரபலமாக இருந்தது. குகைக்குள் நுழைவது, புதையல் எடுப்பது எல்லாமே வெறும் எழுத்தால் நடக்கும். ஆனால் ஒரு முறை ஆடி முடித்தால் அவ்வளவுதான், புதையல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படி ஒரு கேமை எழுதியவருக்கு அதை ஆடுவதில் என்ன சுவாரசியம்? குகையை ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரே புதிதாகக் கட்டினால், எழுதியவரும் ஆடி ரசிக்கலாம் அல்லவா! இந்த ஆசைதான் ரோக்கின் தொடக்கம். பிறகு டாய் பெர்க்லிக்குப் போனார். திரையில் விரும்பிய இடத்தில் ஓர் எழுத்தை வைக்க உதவும் கர்சஸ் என்ற ப்ரோக்ராம் தொகுப்பை உருவாக்கிய கென் அர்னால்ட் அங்கே அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

இன்றைய கேம்களைப் பார்த்தவர்களுக்கு ரோக்கின் திரை சிரிப்பை வரவழைக்கும். படமே கிடையாது. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. உங்கள் வீரன், இமெயில் முகவரியில் வரும் @ குறி. புள்ளிகள் தரை, கோடுகள் சுவர், # குறிகள் நடைபாதை. ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் 26 வகை அரக்கர்கள். 'பி' வந்தால் வௌவால், 'இசட்' வந்தால் நடைப்பிணம், 'டி' வந்தால் டிராகன், ஓடிவிடுங்கள்! 26ஆம் தளம் வரை இறங்கி, யெண்டோர் தாயத்தை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும்.

செத்தால் செத்ததுதான். பாதியில் சேவ் செய்து வைக்கலாம், ஆனால் அந்த ஃபைலைத் திறந்தவுடன் அது அழிந்துவிடும். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி முயற்சி செய்ய வழியில்லை. கையில் கிடைக்கும் மருந்துக் குப்பிகளின் நிறமும் ஒவ்வோர் ஆட்டத்திலும் மாறும். இன்று நீல மருந்து காயத்தை ஆற்றினால், நாளை அதே நீலம் கண்ணைக் குருடாக்கலாம். நானும் சில மாலைகள் ஆடிப் பார்த்தேன். ஏழாம் தளத்தைத் தாண்டியது ஒரே ஒரு முறை, அதுவும் பசியால் மயங்கி விழுந்ததோடு முடிந்தது.

கேம் கைமாறிக் கைமாறி மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. 1983ல் வெளியான 4.2 பிஎஸ்டி என்ற பெர்க்லி யுனிக்ஸ் பதிப்பிலும் சேர்ந்துகொண்டது.

அதற்கு முன்பே, 1981ல், பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வருக்கு வேறொரு யோசனை வந்தது. நாம் ஆடுவதற்குப் பதிலாக, ஆடுவதற்கு ஒரு ப்ரோக்ராம் எழுதினால் என்ன? மைக்கேல் மால்டின், கை ஜேக்கப்சன், ஆண்ட்ரூ ஆப்பெல், லியனார்ட் ஹேமி ஆகியோர்தான் அந்த நால்வர். ப்ரோக்ராமுக்கு ரோக்-ஓ-மேடிக் என்று பெயர் வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ரோக்-ஓ-மேடிக் ரோக்கின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. திரைக்குப் போகும் எழுத்துகளைப் படிக்கும், ஒரு கீயை அழுத்தியது போல ஓர் எழுத்தைத் திருப்பி அனுப்பும். மனிதனுக்குத் தெரியாதது எதுவும் அதற்கும் தெரியாது. (நான் வேலையில் எழுதும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் ப்ரோக்ராம்களும் இதைத்தான் செய்கின்றன. திரையைப் படி, பட்டனை அழுத்து, விடை சரியா என்று பார். சம்பளம் கொடுக்கிறார்கள்!)

திரையைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி? நன்றாக ஆடுபவர்கள் என்ன செய்வார்கள் என்பதை விதிகளாக எழுதினார்கள். அரக்கன் பக்கத்தில் இருக்கிறது, உடலில் தெம்பு குறைவு, படிக்கட்டு அருகில் என்றால் ஓடு. யாரும் இல்லை, காயம் இருக்கிறது என்றால் உட்கார்ந்து ஓய்வெடு. இந்த வகை ப்ரோக்ராமுக்கு எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்று பெயர். விதிகள் மட்டும் போதவில்லை. எங்கே போவது, எந்த வழி குறுகியது, மறைந்திருக்கும் கதவு எந்தச் சுவரில் இருக்கலாம் என்பதற்கெல்லாம் கணக்குப் போட வேண்டியிருந்தது. எந்த அரக்கன் எவ்வளவு அடிக்கும் என்பதை ஒரு ஃபைலில் குறித்துவைத்து, அடுத்த ஆட்டத்தில் அதைப் பயன்படுத்தவும் செய்தது. வீரன் சாகலாம், குறிப்பு சாகாது.

பலன்? 1983ல் மூன்று வாரம் கணக்கு வைத்துப் பார்த்தார்கள். கார்னகி மெலன் கம்ப்யூட்டர் துறையின் தலைசிறந்த 15 ரோக் ஆட்டக்காரர்களைவிட ரோக்-ஓ-மேடிக்கின் நடு மதிப்பெண் அதிகமாக இருந்தது. நடு மதிப்பெண் என்றால், எல்லா ஆட்டங்களின் மதிப்பெண்களையும் வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுப்பது. சராசரி எடுத்தால் அதிர்ஷ்டத்தால் கிடைத்த ஒரே ஒரு பெரிய எண் கணக்கைக் கெடுத்துவிடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலோ அது தாயத்தையே எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வந்துவிட்டது!

இதை அவர்கள் 1983ல் முறையான ஆய்வறிக்கையாக எழுதினார்கள். நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது கேம் ஒன்றை ப்ராஜெக்டாகச் செய்யட்டுமா என்று கேட்டேன். "கேம் எல்லாம் ப்ராஜெக்ட் ஆகாது, லைப்ரரி மேனேஜ்மென்ட் பண்ணு" என்றார் எங்கள் கைடு. என் வகுப்பில் மட்டும் ஆறு லைப்ரரி மேனேஜ்மென்ட்! ஒன்றில்கூட ஒரு புத்தகத்தையும் யாரும் தேடி எடுத்ததாக நினைவில்லை.

ஆனாலும் கைடு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கார்னகி மெலன் மாணவர்கள் ரோக்கை வைத்து டாக்டர் பட்டம் வாங்கவில்லை. மால்டின் எழுத்து ஆவணங்களில் தகவல் தேடுவதைப் பற்றியும், ஆப்பெல் கம்பைலர்களைப் பற்றியும், ஜேக்கப்சன் தகவலை மிகக் குறைந்த இடத்தில் சுருக்கி வைப்பதைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். மால்டினை உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கலாம். 1994ல் லைக்கோஸ் என்ற தேடுபொறியை உருவாக்கியவர் அவர்தான். கூகுள் வருவதற்கு முன் இன்டர்நெட்டில் தேடியவர்களுக்கு லைக்கோஸ் நன்கு பழக்கம். ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தின் அறிவியல் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. கேமிலிருந்து தேடுபொறி பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேறொரு கம்ப்யூட்டர் அனுப்பும் எழுத்துகளைப் படித்து, அடுத்து எங்கே போவது என்று தானே முடிவெடுக்கும் ப்ரோக்ராமை அவர் எழுதியது அது முதல் தடவை அல்ல.

இதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்பீர்கள். ரோக்கின் வழியில் 1987ல் வந்த நெட்ஹேக் என்ற கேமை வைத்து, 2021ல் நியூரிப்ஸ் மாநாட்டின் போட்டிகளில் ஒன்றாக ப்ரோக்ராம்களுக்குள் போட்டி நடந்தது. மனித மூளையைப் போல அமைத்துப் பயிற்சி கொடுத்த ப்ரோக்ராம்களை, கையால் விதி எழுதிய ப்ரோக்ராம்கள் நல்ல வித்தியாசத்தில் தோற்கடித்தன. ஆட்டத்தை இறுதிவரை ஜெயித்த ப்ரோக்ராம் ஒன்றுகூட இல்லை.

ரோக்கை ஆடிப் பார்க்க விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு எதுவும் வேண்டாம். 1980களில் எபிக்ஸ் நிறுவனம் விற்ற பிசி பதிப்பு 2020ல் ஸ்டீம் தளத்தில் வெளியானது. யுனிக்ஸ் வகைப் பதிப்பு கிடைத்தால், எச், ஜே, கே, எல் கீகள் இடம், கீழ், மேல், வலம் நகர்த்தும். ஒரு நடைபாதை சுவரில் முட்டி நின்றுவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். எஸ் கீயை அழுத்தினால் மறைந்த கதவைத் தேடும். ஒரு முறை போதாது, பத்து முறையாவது அழுத்திப் பாருங்கள்.