போட்டோ கேமராவில் வீடியோ வேலை முழுதும் ஆகுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

விருதுநகர் மாவட்டத்தில் முகூர்த்தம், கோவில் பொங்கல் விழா, சிவகாசிப் பட்டாசு ரகங்களின் வெடிப்புக் காட்சி என எதைப் படமெடுக்க வந்தாலும், வீடியோகிராபர் கையில் இன்று பெரும்பாலும் இருப்பது போட்டோவுக்கென உருவான மிரர்லெஸ் கேமராதான். பழைய வீடியோ கேமராவை விற்றுவிட்டு இதற்கே மாறலாமா என்று ஸ்டூடியோ நடத்துபவர்களும், வேலை கொடுப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விளக்கம் இது.

போட்டோ கேமராவில் வீடியோ எப்போது வந்தது?

2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நிக்கான் டி90தான் வீடியோ பதிந்த முதல் டிஎஸ்எல்ஆர். அதில் 720 வரித் தரத்தில் ஒரு முறைக்கு 5 நிமிடம் மட்டுமே பதிய முடிந்தது. அடுத்த மாதமே அறிவிக்கப்பட்ட கேனன் 5டி மார்க் 2 முழு எச்டி தரத்தைக் கொடுத்தது. ஆனாலும் கோப்பின் அளவு 4 ஜிபியைத் தொட்டதும், அதாவது சுமார் 12 நிமிடத்தில், பதிவு நின்றுவிடும்.

இதில் சினிமாவே எடுக்கிறார்களே, கல்யாணம் எடுக்க முடியாதா?

பாலாஜி சக்திவேல் இயக்கி 2012-இல் வெளியான ‘வழக்கு எண் 18/9’ கேனன் 7டி என்ற ஸ்டில் கேமராவில் படமாக்கப்பட்டது. எனவே படத்தின் தரம் பற்றிய ஐயம் அப்போதே தீர்ந்துவிட்டது. ஆனால் சினிமாவில் ஒரு ஷாட் சில நிமிடங்களைத் தாண்டுவது அரிது. சரியாக வராவிட்டால் மறுபடி எடுக்கலாம். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது என்பதால், கல்யாண வேலையில் படத்தின் அழகைவிடப் பதிவு இடையில் நிற்காமல் ஓடுவதுதான் முதல் தேவை.

29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடுகிறது. கேமரா பழுதா?

பழுதல்ல. 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா எனக் கணக்கிட்டு இறக்குமதி வரி விதித்ததால், தயாரிப்பாளர்களே இந்த வரம்பை வைத்தனர். பிந்தைய மாடல்கள் பலவற்றில் இது நீக்கப்பட்டுவிட்டது. பழைய கேமராவை வாங்குவோர் இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

வெயிலில் சூடாகி அணைந்துபோவது ஏன்?

போட்டோ கேமரா சிறிதாகவும், தூசியும் நீரும் புகாதபடி மூடியும் செய்யப்படுவதால் சென்சாரின் சூடு வெளியேற வழி குறைவு. 2020-இல் வந்த கேனன் ஆர்5 கேமராவில் 8கே பதிவு சுமார் 20 நிமிடம் ஓடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. அதுவும் 23 டிகிரி செல்சியஸில். சித்திரை, வைகாசியில் இந்த மாவட்டத்தில் நிழலிலேயே வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். வெளியிடத்தில் நீண்ட பதிவு தேவைப்படுவோருக்கு, உள்ளே விசிறி வைத்த பேனசோனிக் எஸ்1எச், சோனி எப்எக்ஸ்3, கேனன் ஆர்5 சி போன்றவையே பொருத்தம்.

பட்டாசு வெடிக்கும்போது படத்தில் பாதி வெள்ளையாகவும் பாதி இருட்டாகவும் பதிவது ஏன்?

பெரும்பாலான கேமராக்களில் சென்சார் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் படிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. வெடியின் மின்னலோ, பக்கத்தில் நிற்பவரின் பிளாஷோ அந்த வாசிப்பு முடிவதற்குள் வந்து மறைந்தால், சில வரிகளுக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கும். எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதியும் முதல் முழு அளவு சென்சார் மிரர்லெஸ் கேமரா, 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3. அதை வாங்க இயலாதவர்கள் 25 பிரேமில் ஷட்டரை 1/50-இல் வைத்தால் இக்குறை குறையும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் மண்டப விளக்குகளின் துடிப்பும் அநேகமாகத் தெரியாது.

பேன்சி ரகம் விரியும்போது வானத்திலும் புகையிலும் பட்டை பட்டையாகத் தெரிகிறதே?

8 பிட் பதிவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டுமே உண்டு. 10 பிட் பதிவில் 1,024. புகை மெல்ல மெல்ல இருளில் கரையும் இடத்துக்கு 256 படி போதாது. எடிட்டிங்கில் நிறம் திருத்தும்போது அது பட்டையாகப் பிரிந்துவிடும். 2018-இல் வந்த சோனி ஏ7 3-இல் 8 பிட் மட்டுமே கிடைத்தது. 2021-இல் வந்த ஏ7 4-இல் 10 பிட் உண்டு. பட்டாசுக்கென்றே படமெடுப்போர் மற்ற எந்த வசதிக்கும் முன்பாக இதைப் பார்க்க வேண்டும்.

பட்டாசு ஆலைக்குள் கேமராவைக் கொண்டுபோகலாமா?

மருந்து கலக்கும் அறை, நிரப்பும் அறை, காயவைக்கும் மேடை ஆகியவற்றின் அருகே கேமரா, பேட்டரி, விளக்கு எதுவும் கூடாது. உராய்வும் நிலைமின்சாரமும்கூட அங்கே தீப்பற்றப் போதுமானவை. உரிமையாளரின் அனுமதியோடு, பாதுகாப்பான தூரத்தில், திறந்தவெளியில் நடக்கும் சோதனை வெடிப்பை மட்டும் எடுப்பதே முறை.

ஒலி சரியாக வராதது ஏன்?

கேமராவுடன் வரும் மைக், கட்டுப்படுத்தும் விரலின் ஓசையையும் சேர்த்தே பதியும். பட்டாசுக்குச் சட்டப்படியான உச்ச ஒலி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். அந்த ஓசையில் தானியங்கி ஒலியளவு சட்டென்று இறங்கி, அடுத்து வரும் பேச்சையும் அமுக்கிவிடும். ஒலியளவைக் கையால் அமைப்பதும், காலர் மைக் அல்லது தனி ரெக்கார்டர் வைப்பதும் தீர்வு. வாங்கும்போதே மைக் துளையும் ஹெட்போன் துளையும் உள்ளனவா என்று பார்ப்பது நல்லது.

எவ்வளவு கார்டு வேண்டும்?

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து 8 மணி நேரம் என்றால் 360 ஜிபி. பாதுகாப்புக்கு இரண்டு நகல் என்றால் 720 ஜிபி. இந்த வேகத்துக்கு வி30 கார்டு போதும். நொடிக்கு 400 மெகாபிட் பதிவுக்கு வி60 தேவை. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கேமராவைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவிடும் பணம் வீண் போகாது.

அப்படியானால் வீடியோ கேமராவை விற்றுவிடலாமா?

குறும்படம், கல்யாணத்தின் கேண்டிட் காட்சிகள், பட்டாசு விளம்பரம் ஆகியவற்றுக்குப் போட்டோ கேமரா போதும். பெரிய சென்சாரால் இருட்டிலும் படம் தெளிவாக வரும். மேடை நிகழ்ச்சி, எல்இடி திரைக்கு லைவ் மிக்சிங், தேரோட்ட நேரலை ஆகியவற்றுக்கு வீடியோ கேமராவே நம்பகமானது. மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மணமக்கள் முகம்வரை இழுக்கும் ஜூம், உள்ளேயே அமைந்த என்டி பில்டர், உறுதியான மைக் இணைப்பு ஆகிய மூன்றும் அதிலேயே கிடைக்கும். ஆகவே இரண்டு வேலையும் செய்யும் ஸ்டூடியோ அதை விற்பது நட்டமே.

வரி எவ்வளவு? திரும்பக் கிடைக்குமா?

டிஜிட்டல் கேமராவுக்கும் வீடியோ கேமராவுக்கும் ஜிஎஸ்டி 2019 ஜனவரி 1 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஸ்டூடியோ, தன் பதிவு எண் அச்சிட்ட வரி ரசீது இருந்தால் இந்தத் தொகையை உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். அதே வரித் தொகைக்கு வருமான வரியில் தேய்மானம் கோரியிருக்கக் கூடாது. ரசீது இல்லாமல் வாங்கும் கேமராவுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2025-26 நிதியாண்டில் வாங்கிய கேமராவுக்கு 2026 நவம்பர் 30 அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் கோர வேண்டும்.