ஞானப்பல்லும் ஆண்டிபயாடிக் மாத்திரையும்

ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களிலே, பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனை வந்து, லயத்துக் குடும்பங்கள் பல சிரம்பான் பக்கத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்ட இந்நாளிலும், ஞானப்பல் எடுத்தால் ஆண்டிபயாடிக் மாத்திரையும் கூடவே வர வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உறுதியாக இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. டாக்டர் எப்போதோ வந்து போகும் தோட்டங்களில் நோயாளிகளை அன்றாடம் பார்த்தவர் தோட்ட ஆஸ்பத்திரியின் உதவியாளர். அவரைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 1965இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பட்டணம் போய்ச் சேர்வதே பெரும்பாடாக இருந்த காலத்தில், காயம் சீழ் பிடிக்குமுன் மாத்திரை கொடுத்துவிடுவது விவேகமாகவே தோன்றியிருக்கும். அந்தப் பெரியவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றைய நியாயம் இன்றும் பொருந்துமா என்பதை ஆராய வேண்டும்.

பல் எடுத்தபின் வரும் வலியும் வீக்கமும், ஈறும் எலும்பும் காயம்பட்டதனால் சரீரம் காட்டும் இயல்பான விளைவுகளேயன்றிப் பெரும்பாலும் கிருமிகளின் வேலையல்ல. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து, பிறகு தானாகவே வடியும். அந்நாட்களில் மாத்திரையும் உட்கொண்டவர், இயற்கை செய்த காரியத்தை மாத்திரையின் கணக்கில் எழுதிவிடுகிறார். ஆண்டிபயாடிக் பாக்டீரியாவை அடக்குமேயொழிய வலியைத் தணிக்காது.

ஞானப்பல் பற்றிய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழுவினர் 2021இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. ஆரோக்கியமுள்ளவர்களுக்கு ஆண்டிபயாடிக் கொடுத்தால் தொற்று குறையக்கூடும். ஆயினும் ஒருவருக்கு அது வராமல் தடுக்கச் சுமார் 19 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. வயிற்றுப்போக்கும், தோல் தடிப்பும், அபூர்வமாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையும், பிரயோஜனம் பெறாத மற்ற 18 பேருக்கும் நேரலாம். அதற்கும் மேலாக, மருந்துக்கு மசியாத பாக்டீரியா பெருகும் அபாயம் உண்டு. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் தம் நோபல் உரையிலேயே எச்சரித்த அந்த அபாயத்தை எதிர்க்க, மலேசிய அரசு 2017இல் தேசியச் செயல்திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

ஆகவே, நேராக முளைத்த பல்லைச் சாதாரணமாகப் பிடுங்கும்போது ஆரோக்கியமானவருக்கு ஆண்டிபயாடிக் அநாவசியம் என்றே கருதுகிறேன். ஈற்றைக் கீறி எலும்பைக் குடைந்து எடுக்க நேர்ந்தால், டாக்டர் சிகிச்சைக்கு முன் ஒருவேளை மருந்து கொடுக்கலாம். செயற்கை இதய வால்வு உடையவர்களின் சங்கதி வேறு. சிகிச்சைக்கு முன்னே அவர்களுக்குக் கொடுக்கப்படும் 2 கிராம் அமோக்சிசிலினை யாரும் அலட்சியம் செய்யலாகாது. நீரிழிவு கட்டுப்படாதவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு காட்டிய நாடு இது.

மூன்றாம் நாள் வலி குறையாமல் கூடிக் காதுவரை குடைந்தால், அது பெரும்பாலும் பற்குழியில் உறைந்த இரத்தம் கழன்று எலும்பு வெளிப்பட்டதன் விளைவு. குழியைக் கழுவி மருந்திட்டால் தணியும். அதற்கும் ஆண்டிபயாடிக் பரிகாரமன்று. முதல் நாள் வாய் கொப்பளிக்காமலும், புண் ஆறும்வரை சிகரெட்டையும் வெற்றிலை புகையிலையையும் தொடாமலும் இருப்பது அதைத் தடுக்கப் பெரிதும் உதவும். ஆனால் காய்ச்சலுடன் வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கினாலோ, எச்சிலை விழுங்கவும் முடியாமற் போனாலோ, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பழைய மாத்திரையை விழுங்கிக் காத்திராமல், இரவானாலும் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.